1பி வகையா, 1சி வகையா? சூப்பர்நோவா நிறமாலையில் ஹீலியத்தை உறுதிசெய்யும் வழி

கேள்வி: முதுகலை இயற்பியல் பயிலும் மாணவி நான். திட்டப்பணிக்காக, சூப்பர்நோவா நிறமாலைகளைச் சேமித்து வைக்கும் வைஸ்ரெப் இணையக் காப்பகத்திலிருந்து ஒரு சூப்பர்நோவாவின் நிறமாலைகளை எடுத்திருக்கிறேன். உச்ச ஒளிர்வுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்துப் பதிவான கட்புல நிறமாலையில் 5,724 ஆங்ஸ்ட்ராம் (10,000 ஆங்ஸ்ட்ராம் ஒரு மைக்ரோமீட்டர்) அலைநீளத்தில் அகன்ற பள்ளம் ஒன்று, அதாவது ஒளி உட்கவரப்பட்டு மங்கிய இடம், தெரிகிறது. நிறமாலையை ஏற்கெனவே வகை தெரிந்தவற்றோடு ஒப்பிட்டு வகைப்படுத்தும் எஸ்என்ஐடி மென்பொருள் இதை 1சி வகை என்கிறது. என் வழிகாட்டியோ, அந்தப் பள்ளம் ஹீலியமாக இருந்தால் 1பி வகை என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறார். நான்கு நாள் கழித்து எடுக்கப்பட்ட, 0.8 முதல் 2.4 மைக்ரோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு நிறமாலையும் கிடைத்திருக்கிறது. விண்மீன் திரளின் செம்பெயர்ச்சி (அது நம்மைவிட்டு விலகுவதால் அலைநீளங்கள் நீளும் விகிதம்) 0.006. இரண்டையும் சேர்த்து எப்படி முடிவுக்கு வருவது?

பதில்: ஒரே ஒரு பள்ளத்தை வைத்து உங்கள் வழிகாட்டியும் முடிவு செய்ய முடியாது, மென்பொருளும் முடிவு செய்ய முடியாது. ஹீலியத்தின் வேறு கோடுகளும் அதே வேகத்தில் நகர்ந்திருக்கின்றனவா என்பதே கேள்வி. அவற்றுள் பிற தனிமங்களின் கலப்பு மிகக் குறைவாக உள்ள கோடு 2.058 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. ஆகவே உங்கள் அகச்சிவப்பு நிறமாலையின் மதிப்பு முழுவதும் அதன் கடைசிப் பகுதியில்தான் அடங்கியிருக்கிறது. அந்தப் பகுதிதான் பூமியின் வளிமண்டலத்தால் மிகவும் கெடுகிற பகுதியும் ஆகும் என்பதால், கணக்குப் போடுவதற்கு முன் தரவு எவ்வாறு திருத்தப்பட்டது என்பதைப் பார்த்துவிடுங்கள்.

1பி, 1சி ஆகிய இரண்டுமே, வெளியடுக்கை இழந்துவிட்ட பெருநிறை விண்மீன்களின் உட்கரு சரிந்து நிகழும் வெடிப்புகள். ஹைட்ரஜன் போய் ஹீலியம் எஞ்சியிருந்தால் 1பி என்றும், ஹீலியமும் தென்படாவிட்டால் 1சி என்றும் வகைப்படுத்துகிறோம். "தென்படாவிட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஹீலியத்தின் முதல் கிளர்ச்சி மட்டமே அடிமட்டத்திலிருந்து ஏறத்தாழ 20 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. உச்சத்துக்கு இரண்டு வாரங்கள் கழித்து, ஒளிக்கோளத்தின் (ஒளி நமக்கு வந்து சேரும் அடுக்கின்) வெப்பநிலையை 6,000 கெல்வின் என்று கொண்டால், அங்கே கிடைக்கும் வெப்ப ஆற்றல் அரை எலக்ட்ரான் வோல்ட்தான். வெப்பத்தால் மட்டும் ஹீலியம் அணு கிளர்ச்சியடையாது. வெடிப்பில் உருவான நிக்கல்-56 சிதைந்து கோபால்ட்டாகும்போதும், கோபால்ட் சிதைந்து இரும்பாகும்போதும் வெளிப்படும் காமாக் கதிர்கள் எலக்ட்ரான்களை அதிவேகத்தில் உதைத்துத் தள்ளுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் மோதித்தான் ஹீலியம் அணுக்கள் மேல்மட்டத்துக்குப் போகின்றன. நிக்கல் ஆழத்திலேயே தங்கி, ஹீலியம் வெளியே தனித்து நின்றால், ஹீலியம் இருந்தும் நிறமாலையில் கோடு வராது. 1பி வகையில் ஹீலியக் கோடுகள் உச்சத்துக்குப் பிந்தைய வாரங்களில் வலுப்பெறுவதும் இதனால்தான். அந்த வகையில் உங்கள் இரு நிறமாலைகளும் நல்ல வயதில் எடுக்கப்பட்டவை.

இப்போது கணக்கு. முதலில் கண்ட அலைநீளத்தை 1.006 ஆல் வகுத்துத் திரளின் ஓட்டத்தை நீக்குங்கள். 5,724 என்பது 5,690 ஆங்ஸ்ட்ராம் ஆகும். அது, வெடித்த பொருள் நம்மை நோக்கி வருவதால் 5,876 ஆங்ஸ்ட்ராம் ஹீலியக் கோடு நீலப்பக்கம் நகர்ந்தது என்று கொண்டால், வேறுபாடு 186 ஆங்ஸ்ட்ராம். அதை 5,876 ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு சுமார் 9,500 கி.மீ. இந்த வகைகளுக்கு அது மிகவும் இயல்பான வேகம். சிக்கல் என்னவென்றால், சோடியத்தின் இரட்டைக் கோடு 5,893 ஆங்ஸ்ட்ராமில் பக்கத்திலேயே இருக்கிறது. அதே பள்ளத்தைச் சோடியம் என்று படித்தால் வேகம் 10,300 கி.மீ. அதுவும் இயல்பானதே. 1சி வகையில் இந்த இடத்தில் வரும் பள்ளத்தைப் பெரும்பாலும் சோடியத்துக்கே கொடுப்பார்கள். (திரளின் விண்மீனிடை வாயுவால் வரும் சோடியக் கோடு வேறு, அது குறுகலாக, நகராமல், செம்பெயர்ச்சிக்கு உரிய இடத்தில் நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

கட்புலப் பகுதியிலேயே மேலும் இரு ஹீலியக் கோடுகள் உண்டு: 6,678, 7,065. உங்கள் 9,500 கி.மீ. வேகம் சரியென்றால், செம்பெயர்ச்சியையும் சேர்த்து, உங்கள் கோப்பில் அவற்றின் பள்ளங்கள் முறையே 6,506 மற்றும் 6,883 ஆங்ஸ்ட்ராமில் இருக்க வேண்டும். இரண்டாவது எண்ணைப் பார்த்ததுமே எச்சரிக்கை தேவை. பூமியின் ஆக்சிஜன் ஏற்படுத்தும் உட்கவர் பட்டை 6,867 ஆங்ஸ்ட்ராமில் தொடங்குகிறது. அங்கே பள்ளம் இருப்பது ஹீலியத்தைவிட நம் காற்றையே அதிகம் சொல்லக்கூடும். வளிமண்டலப் பட்டை செங்குத்தாகத் தொடங்கிப் படிப்படியாக மறையும். சூப்பர்நோவாவின் பள்ளமோ நூறு ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல் அகலமாக, வழவழப்பாக இருக்கும். ஒரே இரவில் அதே கருவியில் எடுத்த தரவிண்மீனின் (ஒப்பிடுவதற்காக நோக்கும், இயல்பு நன்கு தெரிந்த விண்மீனின்) நிறமாலை காப்பகத்தில் இருந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். 6,506 ஆங்ஸ்ட்ராமில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்தக் கோடு இயல்பாகவே வலுவற்றது.

அடுத்து அகச்சிவப்பு. பலரும் இங்கே 1.083 மைக்ரோமீட்டர் கோட்டுக்குத்தான் முதலில் ஓடுவார்கள், ஏனென்றால் அது ஆழமானது. அதன் கீழ்மட்டம் சிற்றுறுதி நிலை; தனித்து விடப்பட்ட ஹீலியம் அணு அதில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தங்கும். எனவே சிறிதளவு ஹீலியமே பெரிய பள்ளத்தை உண்டாக்கிவிடும். உங்கள் வேகத்துக்கு அது 1.055 மைக்ரோமீட்டரில் தெரிய வேண்டும். தெரியும் என்றே நினைக்கிறேன், ஆனால் அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது. 1.069 மைக்ரோமீட்டரில் கார்பனுக்கு ஒரு கோடு உண்டு, 1.093-இல் மக்னீசியம் அயனிக்கு உண்டு. அதே பள்ளத்தை மக்னீசியம் என்று படித்தால் நொடிக்கு 12,100 கி.மீ., கார்பன் என்று படித்தால் 5,800 கி.மீ. கிடைக்கிறது. முதலாவது நம்பத்தக்கது, இரண்டாவது தனியாக நின்றால் சற்றுக் குறைவுதான் என்றாலும், கலப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம், எம்51 திரளில் 1994 ஏப்ரலில் தோன்றிய எஸ்என் 1994ஐ. 1சி வகையின் முன்மாதிரியாகவே கருதப்பட்ட அதில், ஒரு மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டிய இடத்தில் ஆழமான பள்ளம் கண்ட வானியலாளர் அலெக்ஸ் பிலிப்பென்கோவின் குழு, அது ஹீலியம் என்று 1995-இல் அறிவித்தது. பின்னர் நிறமாலைகளைக் கணினியில் உருவகப்படுத்தியவர்கள், ஹீலியம் மட்டுமே அந்தப் பள்ளத்தைத் தர வேண்டியதில்லை, கார்பன் முதலிய தனிமங்களின் கலப்பும் தரலாம் என்று மறுத்தனர். சிலிக்கான் உணரிகள் சுமார் 1.1 மைக்ரோமீட்டரோடு பார்வை இழப்பவை. ஒரு மைக்ரோமீட்டர் பள்ளத்தை மட்டும் வைத்து வாதிட்டால் வழக்கு முடியாது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது. 2007-இல் வந்த எஸ்என் 2007ஜிஆர் கட்புலத்திலும் அகச்சிவப்பிலும் கார்பன் கோடுகளை வெளிப்படையாகக் காட்டிய 1சி வகை. அதைப் பார்த்த பிறகு 1.05 மைக்ரோமீட்டர் பள்ளத்தை ஹீலியம் என்று உடனே எழுதுவதற்கு எனக்குக் கை வராது. பள்ளம் கார்பனாக இருந்தால் அதன் கூட்டாளிக் கோடுகள் 0.909, 0.941, 1.175 மைக்ரோமீட்டர்களில் ஒரே வேகத்தில் வர வேண்டும். உங்கள் நிறமாலை 0.8-இல் தொடங்குவதால் மூன்றையும் சோதித்துவிடலாம்.

இனி 2.058. இதன் அருகில் இந்த வயதில் குறுக்கிடக்கூடிய வலுவான கோடுகள் அதிகம் இல்லை. கார்னகி சூப்பர்நோவா திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், உறை இழந்த 34 சூப்பர்நோவாக்களின் 75 அண்மை அகச்சிவப்பு நிறமாலைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும், ஒரு மைக்ரோமீட்டர் பகுதியைவிட இரண்டு மைக்ரோமீட்டர் பகுதியே ஹீலியம் நிறைந்தவற்றையும் குறைந்தவற்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. 9,500 கி.மீ. வேகத்துக்கு உங்கள் பள்ளம் இருக்க வேண்டிய இடம், செம்பெயர்ச்சி சேர்த்து, 2.005 மைக்ரோமீட்டர். துரதிருஷ்டவசமாக, நம் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு 2.01, 2.06 மைக்ரோமீட்டர்களை ஒட்டி வலுவான பட்டைகளைப் போடுகிறது; 1.9-ஐ ஒட்டிய நீராவியின் மறைப்பும் மிக அருகில் முடிகிறது. ஆகவே உங்கள் பள்ளம் சரியாக அந்தப் பட்டைக்குள் விழுகிறது.

இதைத் திருத்த, சூப்பர்நோவாவுக்கு அருகில், வானில் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் ஏ0 வகை விண்மீன் (ஹைட்ரஜன் கோடுகளைத் தவிர வேறு கோடுகள் அதிகம் இல்லாத வெண்ணிற விண்மீன்) ஒன்றை முன்போ பின்போ உடனடியாக நோக்கி, அதனால் வகுப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தரவிண்மீனும் சூப்பர்நோவாவும் நோக்கப்பட்டபோது அவை கடந்த காற்றின் தடிமன் எவ்வளவு வேறுபட்டது என்பது. கோப்பின் தலைப்பில் இருக்கும். தலைக்கு நேர் மேலே உள்ள காற்றின் தடிமனை 1 என்று கொண்டு, வேறுபாடு 0.1-க்கு மேல் என்றால் இந்தப் பட்டையை நான் நம்பமாட்டேன். மற்றொன்று, ஏ0 விண்மீனுக்கே ஹைட்ரஜன் கோடுகள் உண்டு. அவற்றை நீக்காமல் வகுத்தால், உங்கள் நிறமாலையில் 1.094, 2.166 மைக்ரோமீட்டர்களில் பொய்யான மேடுகள் எழும். முதலாவது மேடு ஹீலியப் பள்ளத்தின் சிவப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பள்ளத்தை உண்மையைவிட ஆழமாகக் காட்டும். 2.166-இல் குறுகிய மேடு தெரிந்தால் 1.094-இலும் கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம். திருத்துவதற்கு முந்தைய நிறமாலையும் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள்; பட்டையின் அடியில் எவ்வளவு ஒளி எஞ்சியது என்பதை அதுதான் சொல்லும். பாதிக்கும் குறைவாக எஞ்சிய இடத்தில் வகுத்தலால் வருவது பெரும்பாலும் இரைச்சலே.

திருத்தம் நன்றாக இருந்து, 2.005-ஐ ஒட்டி வழவழப்பான பள்ளம் தெரிந்தால், அது தரும் வேகத்தை 5,876 கோட்டின் வேகத்தோடு ஒப்பிடுங்கள். அகன்ற கோடுகளில் நொடிக்கு 500 கி.மீ. அளவுக்கு வேறுபாடு வருவதைப் பொருட்படுத்த வேண்டாம். காற்று, வெற்றிட அலைநீளங்களின் குழப்பம் 80 கி.மீ. மட்டுமே. 1.083 கோடு மட்டும் சற்று அதிக வேகம் காட்டினால் அதுவும் எதிர்பார்க்கத்தக்கதே. ஒளிபுகாத் தன்மை அதிகம் என்பதால் அது வெளியடுக்கில் உருவாகிறது. மூன்றும் இவ்வாறு ஒத்துப்போனால் உங்கள் வழிகாட்டி சொன்னதே சரி: 1பி.

பள்ளம் தெரியவில்லை என்றால்தான் கவனமாக எழுத வேண்டும். 2.058 கோடு 1.083-ஐவிட மிகவும் வலுவற்றது; இரைச்சல் மிகுந்த நிறமாலையில் அது காணாமல் போவது இயல்பு. ஆகவே 5,876 பள்ளத்தின் அகலத்தையே கொண்ட செயற்கைப் பள்ளம் ஒன்றை உங்கள் தரவில் 2.005-இல் செருகி, அதன் ஆழத்தை 5 விழுக்காட்டிலிருந்து கூட்டிக்கொண்டே போய், எந்த ஆழத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். 10 விழுக்காட்டுப் பள்ளம் தெளிவாகத் தெரியக்கூடிய தரவில் எதுவும் இல்லை என்றால், "ஹீலியக் கோடு இருந்தால் அதன் ஆழம் 10 விழுக்காட்டுக்குக் குறைவு" என்று எழுதலாம். "ஹீலியம் இல்லை" என்று எழுத முடியாது. நிக்கல் பற்றி மேலே சொன்னது காரணம். 30 விழுக்காட்டுப் பள்ளமும் தெரியாத தரவு என்றால், அந்த அகச்சிவப்பு நிறமாலை இந்தக் கேள்விக்குப் பயன்படாது. வகையை 1பி/சி என்று திறந்தே விட்டுவிடுவதுதான் முறை, தேர்வாளர்கள் அதற்காக மதிப்பெண் குறைக்கமாட்டார்கள்.

இரண்டு நிறமாலைகளையும் ஒரே படமாக இணைக்க, 0.8 முதல் 0.9 மைக்ரோமீட்டர் வரை இரண்டும் மேற்பொருந்தும் பகுதியில் ஒளியளவைச் சமப்படுத்துங்கள்; கால்சியத்தின் மூன்று கோடுகள் அங்கேதான் இருப்பதால், அவற்றைத் தவிர்த்த இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு நாள் இடைவெளி உச்சத்துக்கு முன்பாக இருந்தால் கெடுதல் செய்யும். இரண்டு வாரங்கள் கழித்து வேகம் மெதுவாகவே குறையும் என்பதால் உங்கள் நோக்கத்துக்குப் பாதகமில்லை. எஸ்என்ஐடியின் தீர்ப்பைப் பொறுத்தவரை, முதல் விடையை மட்டும் பார்க்காமல், அடுத்த பத்துப் பொருத்தங்களில் 1பி எத்தனை, அவை எந்த வயதுடையவை என்றும் பாருங்கள். அந்த மென்பொருள் ஒட்டுமொத்த வடிவத்தைப் பொருத்துகிறது. இரும்புக் கோடுகள் இரு வகைக்கும் பொது என்பதால், ஒரு ஹீலியப் பள்ளம் அங்கே வாக்கெடுப்பில் தோற்றுப்போகும்.

எதிர்காலத்தில் புதிய சூப்பர்நோவாவுக்கு நோக்கும் நேரம் கேட்கும் வாய்ப்பு வந்தால், இந்தியாவிலேயே வழி இருக்கிறது. லடாக்கில் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கியில் கட்புலத்துக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. அங்குள்ள காற்றின் வறட்சி நீராவிப் பட்டைகளுக்கு நல்லது. நைனிடாலுக்கு அருகே தேவஸ்தலிலுள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியின் டான்ஸ்பெக் கருவி 0.55 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரை ஒரே சமயத்தில் பதிவு செய்கிறது. 5,876, 1.083, 2.058 மூன்றும் ஒரே பதிவில் வந்துவிடுவதால், உங்களைப் போல் நாள் இடைவெளியைக் கணக்கில் கொள்ளவேண்டிய தேவையே எழாது. விண்ணப்பத்தில் உச்சத்திலிருந்து மூன்று வாரங்களுக்குள் என்று நேரத்தைக் குறிப்பிடுங்கள். பல மாதங்கள் கழிந்தால் 1.082 மைக்ரோமீட்டரில் கந்தகத்தின் வெளிவிடு கோடு எழுந்து ஹீலியத்தோடு கலந்துவிடும். ஏ0 விண்மீனுக்கான நேரத்தையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.