தமிழில் கேளுங்கள், வாசித்த பிறகே கையெழுத்து வையுங்கள்

கேள்வி: கட்டாரில் கட்டடக் கம்பனியொன்றில் வேலை செய்த என் தம்பி நித்திரையிலேயே இறந்துவிட்டதாக அவனது அறை நண்பர் வட்ஸ்அப்பில் சொன்னார். ஐந்து நாளாகியும் அரசாங்கத் தரப்பிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நேற்று யாரோ அம்மாவுக்குப் போன் எடுத்து, சிங்களத்தில் பேசி, ஒரு கடிதத்தில் கையெழுத்து வேண்டும் என்றாராம். தம்பி திருமணமாகாதவன். என்ன செய்வது? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, இந்த நிலையில் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டு அவசரப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடிதம் கைக்கு வந்து, ஒவ்வொரு வரியும் விளங்கும்வரை எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். பிரேதத்தை அனுப்பச் சம்மதம் கேட்பது வழமைதான். அதோடு ‘இனி எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்றொரு வரி சேர்ந்திருந்தால் அதை வெட்டச் சொல்லுங்கள்.

முறைப்படி செய்தி வரும் வழி வேறு. தங்கள் நாட்டில் இறந்த வெளிநாட்டவரைப் பற்றி அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்கிறது 1963 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, உறுப்புரை 37. டோஹாவிலுள்ள நமது தூதரகம் அதை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குச் சொல்லும். அங்கிருந்துதான் குடும்பத்துக்கு வரும். கடவுச்சீட்டிலோ பதிவிலோ பழைய விலாசம் இருந்தால் செய்தி அந்த வாசலுக்கே போய் நிற்கும்.

ஆகவே காத்திருக்காதீர்கள். தம்பியின் கடவுச்சீட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை ஆகியவற்றோடு கொன்சியூலர் பிரிவுக்கு நேரில் போய், அம்மாவின் பெயரில் தமிழிலேயே கடிதம் கொடுங்கள். கொழும்பிலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. ‘சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள்’ என்று சொன்னால் அந்த உறுப்புரையைச் சொல்லுங்கள். ஒரு மரணத்தை அம்மாவுக்குப் புரியாத மொழியில் அறிவிப்பது அறிவித்தலே அல்ல. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்காதீர்கள்.

மரணத்தில் சந்தேகம் இருந்தால் அதையும் அக்கடிதத்திலேயே எழுதி, பிரேதம் கட்டுநாயக்காவுக்கு வந்ததும் இங்கே பிரேத பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். அடக்கம் செய்த பிறகு கேட்பது மிகவும் கடினம்.

காசு விடயம். கட்டாரின் 2004 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்கத் தொழிற்சட்டப்படி, தொழிலாளி இறந்தால் நிலுவைச் சம்பளத்தையும் சேவைக்காலக் கொடுப்பனவையும் 15 நாளுக்குள் கம்பனி நீதிமன்றத்தில் வைப்பிலிட வேண்டும். வாரிசுகள் கேட்டால் பிரேதத்தை ஊருக்கு அனுப்பும் செலவும் கம்பனியுடையதே. தம்பி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போயிருந்தால் அங்கே காப்புறுதியையும் விசாரியுங்கள். அந்த அறை நண்பரின் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். கம்பனியின் பெயரும் தம்பியின் கட்டார் அடையாள இலக்கமும் அவர் மூலம்தான் விரைவாகக் கிடைக்கும்.