பதில்: பாஸ்தா குழைகிறது, கறி வேகவில்லை

கறித்துண்டுகளையும் பாஸ்தாவையும் ஒரே நேரத்தில் போட்டு அரை மணி நேரம் வேகவைத்ததாகவும், பாஸ்தா குழைந்துபோய்க் கறி மட்டும் ரப்பர் போல நின்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நேரக் கணக்குதான் இடிக்கிறது. மாட்டிறைச்சியின் தோள், கால் பகுதிகளில் கொலாஜன் என்ற கெட்டியான புரதம் அதிகம். அது கரைந்து மென்மையான ஜெலட்டினாக மாற, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பாஸ்தாவுக்கோ பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

அதனால் முதலில் கறியை மட்டும் கவனியுங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டுக்கொள்ளும், நிறமே வராது. அப்புறம் வெங்காயம், பூண்டு, தக்காளி விழுது. தண்ணீர் ஊற்றியதும் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டிக் கலந்துவிடுங்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. மூடிவைத்து, கரண்டியால் அழுத்தினால் கறி பிளக்கும்வரை விடுங்கள்.

கடைசியில்தான் பாஸ்தா. 250 கிராமுக்குச் சுமார் 700 மில்லி சாறு இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கொதிநீர் சேருங்கள். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்து மூடிவிட்டால், மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும். சாறு வற்றிய பிறகு உப்பைச் சரிபாருங்கள்.

நேரமில்லாத நாளில் கொத்துக்கறி போதும், அரை மணியில் முடிந்துவிடும். மறுநாளைக்கு வேண்டுமென்றால், பாஸ்தா போடும் முன்பே கறிச்சாற்றில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். வெந்த பாஸ்தா ஆறிய பிறகும் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.