சமையலறைக் கேள்வி பதில்: இண்டக்‌ஷன் அடுப்பு

கேள்வி: 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். அலுமினியப் பிரஷர் குக்கரை வைத்தால் ‘பீப்’ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. அடுப்பில் கோளாறா? தோசைக்கல்லாவது வைக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அடுப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் அம்மா, அது சரியாகத்தான் இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே உள்ள செம்புச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்கும். சூடு பாத்திரத்தின் அடியிலேயே பிறக்கும். அதற்குக் காந்தம் ஒட்டும் உலோகம் வேண்டும். அலுமினியம், பித்தளை, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. பாத்திரக் கடைக்குப் போகும்போது ஐஸ்பெட்டிக் கதவில் இருக்கும் காந்தத்தை எடுத்துப் போங்கள். அடியில் ‘டக்’கென்று பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் மட்டும் ஒட்டினால் வாங்காதீர்கள். அடி தட்டையாகவும் 12 செ.மீ. அகலத்துக்குக் குறையாமலும் இருக்கட்டும். உருண்டை அடிக் குவாலி சரிப்படாது.

வார்ப்பிரும்புத் தோசைக்கல் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எடுத்த எடுப்பில் 2000 வாட்டில் வைத்தால் சுருளுக்கு நேர்மேலே நடுவட்டம் மட்டும் காய்ந்து, ஓரம் ஆறிக்கிடக்கும். கல் விரிசல்கூட விடும். 600 வாட்டில் 5 நிமிடம் காயவிட்டு, பிறகு 1000 அல்லது 1200க்கு ஏற்றுங்கள். தோசை நடுவில் கருகி ஓரம் வெளுத்திருந்தால் மாவைத் திட்டாதீர்கள், வாட்டைக் குறையுங்கள். கல்லை இழுக்காமல் தூக்கி வைத்தால் கண்ணாடி கீறாது.

தாளிப்பிலும் கவனம். கேஸில் பழகிய கைக்கு எண்ணெய் காயும் வேகம் பிடிபடாது. கடுகையும் கறிவேப்பிலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சுவிட்சைப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் அடுப்பின் பிளக் தொட முடியாமல் சுடுகிறது. ஏன்?
– வாசகர், பீடோர்

பதில்: உடனே நிறுத்துங்கள். 2000 வாட் அடுப்பு 240 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவரில் உள்ள 13 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்கும். ரைஸ் குக்கரும் கெட்டிலும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர் தாங்காது. சுவரில் நேரடியாகப் போட்டும் சுட்டால், சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கும், இல்லையென்றால் உள்ளே ஒயர் முடுக்கிய ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். பழைய தோட்டத்து வீடுகளில் இது சகஜம். பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து மாற்றுங்கள். கருகிய பிளக்கையும் வைத்திருக்க வேண்டாம்.

அடுப்புக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. விடுங்கள். சமைத்ததும் சுவர் சுவிட்சை அடைக்க அவசரம் வேண்டாம்; உள்ளே விசிறி தானாக நிற்கட்டும். விசிறித் துவாரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் கரப்பான் குடியேறி சர்க்கியூட்டைக் கெடுத்துவிடும். வாரம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்.