காலையில் காடு, பிற்பகலில் துறைமுகம்

மதிப்பிற்குரிய ஐயா,

அண்மையில் குடும்பத்துடன் மலேசியாவின் சபா மாநிலத்துக்குச் சென்றபோது, சண்டாக்கானில் ஒருநாள் சுற்றுலாவில் சேர்ந்தோம். காலையில் செப்பிலோக் என்ற இடத்தில், ஒராங்ஊத்தான் என்ற மனிதக்குரங்குகளுக்கான மறுவாழ்வு மையம். பிற்பகலில் பழைய பிரிட்டிஷ் துறைமுக நகரம். பத்து மணி உணவூட்டலுக்கு ஒரே ஒரு ஒராங்ஊத்தான்தான் வந்தது. கொடுத்த பணத்துக்கு ஏமாற்றமே. பிற்பகலில் காட்டிய வீடும் தேவாலயமும் காட்டோடு ஒட்டாமல் இருந்தன. இரண்டையும் ஒரே நாளில் அடைப்பது சரியா? அடுத்துச் செல்லவிருக்கும் என் தம்பியைக் காட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நான், சபா அமைந்திருக்கும் போர்னியோ தீவைப் பற்றியே வாசித்துவருவதால் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதுகிறேன்.

ஒன்றுமே வராதிருந்தால் அந்த மையத்தின் ஊழியர்கள் மகிழ்ந்திருப்பார்கள். தாயை இழந்த குட்டிகளை மீண்டும் காட்டுக்கு அனுப்புவதற்காக 1964-ல் தொடங்கப்பட்ட இடம் அது. எந்தப் பழம் எங்கே பழுக்கும், கிளைகளை மடக்கி இரவுக்குக் கூடு கட்டுவது எப்படி என்பதையெல்லாம் குட்டி ஆறேழு ஆண்டுகள் தாயோடு திரிந்தே கற்கிறது. தாய் இல்லாதபோது அந்த ஆண்டுகளை மனிதர்கள் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. மேடையில் வைக்கும் உணவைக்கூட வேண்டுமென்றே ஒரேமாதிரியாக வைக்கிறார்கள். அலுத்துப்போய்த் தானே இரை தேடட்டும் என்பதற்காக. நீங்கள் சர்க்கஸுக்குச் சீட்டு வாங்கவில்லை.

ஒரு நாள் போதுமா என்பதெல்லாம் பெரிய கேள்வியல்ல. நகரம் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. காட்டோடு ஒட்டவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் என்னை உறுத்துகிறது. அந்த நகரம் எதைத் தின்று வளர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? 1879-ல் வில்லியம் பிரையர் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒரு குடியிருப்பை நிறுவினார். 1881-ல் பிரிட்டிஷ் அரசின் பட்டயம் பெற்று, வட போர்னியோ என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய சபாவையே பங்குதாரர்களுக்காக ஆண்ட பிரிட்டிஷ் வட போர்னியோ கம்பெனி, 1884-ல் அதைத் தலைநகராக்கியது. உணவுக்கான பறவைக்கூடும் பிரம்பும் போன துறைமுகத்திலிருந்து பின்னர் மரம் போயிற்று. 1920-ல் பிரிட்டிஷ் போர்னியோ டிம்பர் கம்பெனிக்கு மரம் வெட்டும் ஏகபோக உரிமை கொடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னும் பெரிய அளவில் ஜப்பானுக்குக் கட்டைகள் கப்பலேறின. வெட்டி ஓய்ந்த நிலத்தில் எண்ணெய்ப்பனை வந்தது. அந்த மறுவாழ்வு மையத்துக்கு வேலை வந்ததே இப்படித்தான். பிற்பகலில் நீங்கள் கண்டது காரணம், காலையில் கண்டது விளைவு. சுற்றுலா நடத்துபவர்கள் வரிசையைத்தான் தலைகீழாக்கிவிட்டார்கள்.

குன்றின்மேல் உங்களுக்குக் காட்டிய மரவீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆக்னஸ் கீத் என்ற அமெரிக்க எழுத்தாளரின் வீடு என்று சொல்லியிருப்பார்கள். பழைய வீடு போரில் அழிந்தபின் அதே இடத்தில் கட்டப்பட்டது இது. அவருடைய கணவர் ஹாரி கீத் யார்? வட போர்னியோவின் வனத்துறைத் தலைவர். மரத்தை விற்ற அதே ஆட்சிதான் 1931-ல் செப்பிலோக்கை ஒதுக்குக் காடாக அறிவித்தது என்பதையும், அப்படி ஒதுங்கி நின்ற துண்டில்தான் இன்று அக்குட்டிகள் மரமேறப் பழகுகின்றன என்பதையும் எண்ணிப் பார்த்திருந்தால், அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு காட்டைத் தேடியிருக்க மாட்டீர்கள்.

நானும் ஒருமுறை அந்தக் குன்றிலிருந்து விரிகுடாவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போது நினைவுக்கு வந்தவர் என் தந்தை. தொண்ணூறுகளில் வீடு கட்டியபோது தேக்கு கட்டுப்படியாகாமல், மரக்கடையில் ‘மலேசியா சால்’ வாங்கி நிலையும் கதவும் செய்வித்தார். ஆசாரி இழைப்புளியைத் தள்ளத் தள்ளச் செஞ்சீவல் சுருண்டு விழும். கரையான் தொடாது என்று அவர் அடித்துச் சொன்னார். எந்தக் காட்டு மரம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. போர்னியோவின் மரமும் நம் துறைமுகங்களில் இறங்கியிருக்கிறது. உங்கள் வீட்டு வாசற்கதவு என்ன மரம் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

தம்பியை இரண்டுக்கும் அனுப்புங்கள். தேநீருக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, நீங்கள் குறிப்பிடவே இல்லாத போர் நினைவுப் பூங்காவையும் பார்க்கச் சொல்லுங்கள். 1945-ல் ஜப்பானியர் அங்கிருந்த முகாமிலிருந்து உள்நாட்டு ஊரான ரனாவ் வரை காட்டுவழியே நடத்திச் சென்ற ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளில் ஆறு பேரே உயிர்பிழைத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கும் செப்பிலோக்கில் உணவூட்டல் உண்டு. ஆகவே அவர் துறைமுகத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போகட்டும்.