ஐந்தில் மூன்று என்றால் பாதி ஆபத்து என்று யார் சொன்னது?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் பேர்ன் நகரில் இருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வாட்ஸ்அப் குழு வழியாக, வரும் ஞாயிறு டீம்டிக்டால் பள்ளத்தாக்கில் சேபெர்க் ஏரி வரை ஸ்னோ ஷூ போட்டு நடக்க 14 பேரைக் கூட்டிப் போகிறார். ஆளுக்கு 65 பிராங்க். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 11. பனிச்சரிவு எச்சரிக்கை மூன்றாம் நிலை என்று ஆப்பில் பார்த்துக் கேட்டேன். "ஐந்தில் மூன்றுதானே, பாதிதான். எங்கள் பாதை சமதளம். கருவியெல்லாம் தேவையில்லை, என்னிடம் ஒன்று இருக்கிறது" என்கிறார். உயரம் குறைந்த மலைதானே, போகலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, இந்த ஞாயிறு அவரோடு போகாதீர்கள். பனி பார்க்கவே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே பள்ளத்தாக்கில் நீங்கள் நிம்மதியாக நடக்கக்கூடிய வழிகளும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த "மூன்று". இது பரீட்சை மதிப்பெண் இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் போகும்போது ஆபத்து ஒரே அளவாக ஏறுவதில்லை, ஒவ்வொரு படியிலும் பல மடங்காகிறது. டாவோஸில் இருக்கும் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம்தான் சுவிஸ் முழுவதற்கும் இந்த அறிக்கையைத் தருகிறது. சுருக்கமாக எஸ்.எல்.எஃப். என்பார்கள். பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறப்பது மூன்றாம் நிலை அறிவித்த நாட்களில்தான் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. காரணம் எளிது. நான்கு, ஐந்து என்றால் பல இடங்களில் சாலையே மூடிவிடும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். மூன்று அன்று வெயில் அடிக்கும், புதுப் பனி பளபளக்கும், பஸ் ஓடும். எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

இந்த நிலைக்கு ஜெர்மனில் வைத்திருக்கும் பெயர் "எர்ஹெப்லிக்". வரிக் கடிதத்திலும் வாடகைக் கடிதத்திலும் வருகிற அதே சொல். "கணிசமான" என்று சொன்னால் யாருக்குப் பயம் வரும்? அறிக்கை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என்று நான்கு மொழியில் வருகிறது. ஆனால் எந்த மொழியில் படித்தாலும், முன்பே மலை தெரிந்தவருக்குத்தான் அது புரியும்படி இருக்கிறது. இந்த நாட்டில் பல்லாயிரம் தமிழர் இருக்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளியோடு பனி முகாமுக்குப் போகிறார்கள். பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ள எளிய நான்கு வரி போட இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? குளிர்காலத்தில் அறிக்கை மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வரும். எண்ணுக்குக் கீழே ஒரு சின்ன வட்டமும் ஒரு மலைப் படமும் இருக்கும். வட்டத்தில் கறுப்படித்த பக்கம், ஆபத்தான சரிவு எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்று காட்டும். மலைப் படத்தின் பக்கத்தில் எந்த உயரத்துக்கு மேல் என்று இருக்கும். "வடக்குப் பக்கம், 1,800 மீட்டருக்கு மேல்" என்று போட்டிருந்தால், சேபெர்க் ஏரியே 1,831 மீட்டரில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஏரியைச் சுற்றி எழும் சரிவுகள் அதற்கும் மேலே.

உயரம் குறைந்த மலை என்று உங்கள் கணவர் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. இதே டீம்டிக்டாலில், 2,400 மீட்டரைச் சற்றே தாண்டிய டிரூமென்லர் மலையில், 2010 ஜனவரி 3ஆம் தேதி ஸ்கி டூர் போனவர்கள் மீது பனிச்சரிவு விழுந்தது. புதைந்தவரைத் தேடிக்கொண்டிருந்தபோது அதே இடத்தில் இரண்டாவது சரிவு வந்தது. மொத்தம் 7 பேர் இறந்தார்கள். காப்பாற்ற ஹெலிகாப்டரில் வந்த, ரேகா என்ற சுவிஸ் வான்வழி மீட்பு அமைப்பின் மருத்துவரும் அதில் ஒருவர். 4,000 மீட்டர் மலை இல்லை, பனியாறு இல்லை. பேர்னில் இருந்து ஞாயிற்றுக்கிழமை போய் வருகிற மலை அது.

அடுத்தது "சமதளம்" என்ற பேச்சு. எனக்குக் கோபம் வருவது இதில்தான். கால் வைக்கிற இடம் சமதளமாக இருக்கலாம், தலைக்கு மேல் இருப்பது என்ன? பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகையும் அதற்கு மேலும் சாய்ந்த சரிவில் பிறக்கும். ஆனால் பிறந்த இடத்தில் நிற்காது, கீழே சமதளத்துக்கு ஓடி வரும். மூன்றாம் நிலையில் இன்னொன்றும் நடக்கும். கீழே நடக்கிறவரின் பாரத்தில் உள்ளே இருக்கும் பலவீனமான அடுக்கு உடைந்து, அந்த உடைவு மேலே ஓடி, மேல் சரிவை இறக்கிவிடும். "வூம்" என்று அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

அந்தப் பலவீனமான அடுக்கை ஒருமுறை கண்ணால் பார்த்தால் மறக்காது. என்னோடு மலைக்கு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவேன். பாதுகாப்பான ஓரிடத்தில் இடுப்பளவு குழி வெட்டி, பக்கச் சுவரை மண்வாரியால் நேராகச் சீவுவேன். மேலே ஒரு முழம் கெட்டியான பலகை போன்ற பனி. அதன் கீழே விரலை விட்டால், சீனி போத்தலைக் கவிழ்த்த மாதிரி மணி மணியாகக் கொட்டும். கையில் பிடித்து உருட்டினால் உருண்டை பிடிக்காது. அந்தச் சீனியின் மேல்தான் பலகை நிற்கிறது, அந்தப் பலகையின் மேல்தான் நாம் நிற்கிறோம்.

நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. சுவிஸ்டோபோ என்ற வரைபட ஆப்பை இலவசமாக இறக்குங்கள். அதில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவைக் காட்டும் வரைபட அடுக்கைப் போடுங்கள். மஞ்சள் 30 முதல் 35, ஆரஞ்சு 35 முதல் 40, சிவப்பு 40 முதல் 45, ஊதா அதற்கும் மேல். பாதை எந்த நிறத்தில் போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு ஆப்பை மூடாதீர்கள். பாதைக்கு மேலே நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நிலை அன்று, அனுபவம் இல்லாத குடும்பம் மேலே நிறம் இருக்கும் வழியில் கால் வைக்கவே கூடாது.

கருவி பற்றி அவர் சொன்னது பெரிய தவறு. எல்.வி.எஸ். என்பது உடம்பில் கட்டிக்கொள்ளும் சின்ன அலைபரப்பி. நடக்கும்போது எல்லோருடையதும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி அவரைக் கண்டுபிடிப்பார்கள். 14 பேரில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன பயன்? அவர் புதைந்தால் தேட ஆள் இல்லை, உங்கள் மகன் புதைந்தால் தேடச் சமிக்ஞை இல்லை. கருவியோடு, மடக்கி விரிக்கும் தேடுகம்பியும் மண்வாரியும் ஒவ்வொருவர் முதுகிலும் இருக்க வேண்டும். முதல் 10 நிமிடத்தில் வெளியே எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அதற்குப் பின் வேகமாகக் குறைகிறது. 1414 என்ற ரேகா எண்ணை உடனே அழைத்தாலும் ஹெலிகாப்டர் 10 நிமிடத்தில் வந்து தோண்டிவிடாது. பக்கத்தில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும்.

பஸ்ஸில் இருந்து இறங்கியதும் நான் முதலில் செய்வது இந்தச் சோதனைதான். நான் சற்றுத் தள்ளி நிற்பேன், ஒவ்வொருவராக என்னைக் கடந்து போவார்கள், ஒவ்வொரு கருவியும் என் கருவியில் கீச்சிட வேண்டும். ஒருமுறை ஏழாவது ஆள் கடந்தபோது சத்தம் இல்லை. ஜாக்கெட்டைத் திறந்து பார்த்தோம். வாரைச் சரியாகத்தான் கட்டியிருந்தார், கருவியை ஆன் செய்யவில்லை. நாள் முழுக்க அப்படியே நடந்திருப்பார்.

இனி அந்த 65 பிராங்க். பணம் வாங்கி மலைக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு சுவிஸில் 2014 ஜனவரி 1 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மலை வழிகாட்டி, ஸ்னோ ஷூ நடைக்குத் தகுதி பெற்ற நடை வழிகாட்டி போன்றோர் மாநில அனுமதி பெற வேண்டும், பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். கூட்டிப் போகிறவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணா, உங்கள் அனுமதியின் படம் அனுப்புவீர்களா? காப்பீடு எந்த நிறுவனத்தில்?" தகுதி உள்ளவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார், ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். "நம்ம ஆட்களுக்குள் என்ன சட்டம்" என்றால், அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சட்டம் போட்டவர்கள் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. மலையடிவாரத்தில் ஞாயிறு காலை யாராவது நின்று அனுமதி கேட்டு நான் பார்த்ததே இல்லை. விபத்து நடந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு ஏற்பாட்டாளரை வழியில் சந்தித்தேன். ஸ்கி டூர் போனவர்களின் தடத்தைப் பிடித்து, 20 பேரை ஸ்னோ ஷூவோடு ஏற்றிக்கொண்டிருந்தார். இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். ஸ்கி டூர் போகிறவர்கள் ஸ்கியின் அடியில் தோல் ஒட்டி மேலே ஏறுவது, சறுக்கி இறங்க நல்ல சரிவு தேடித்தான். ரௌஃப்லிஹோர்ன் போன்ற இந்தப் பள்ளத்தாக்கின் பேர்போன டூர்களுக்கு ஆள் போன தடம் தெளிவாகத் தெரியும். தடம் இருப்பதால் வழி பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அவர்கள் தேடிப் போவதே நீங்கள் விலக வேண்டிய சரிவைத்தான். இணையத்தில் யாரோ பதிவு செய்த பாதைக் கோப்பும் அப்படித்தான். அது அவர் போன நாளின் பனி, உங்கள் ஞாயிறின் பனி இல்லை.

"நாங்கள் எல்லோரும் ரேகா உறுப்பினர், எல்லாம் அதில் வரும்" என்றும் சொல்வார்கள். ரேகாவுக்கு ஆண்டுதோறும் கட்டுவது நன்கொடை. அது காப்பீடு இல்லை. அவர்கள் செலவைத் தள்ளுபடி செய்யலாம், செய்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. நீங்கள் ஒரு முதலாளியிடம் வாரம் 8 மணிநேரமாவது வேலை செய்தால் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் எச்சரிக்கையை மீறிப் பெரும் ஆபத்தை வலிந்து தேடியதாகக் கருதினால், பணமாகத் தரும் உதவித்தொகையை வெட்டலாம். பிள்ளைகளுக்கு அடிப்படை மருத்துவக் காப்பீடு மட்டும் இருந்தால், மீட்புச் செலவில் பாதிதான், அதுவும் ஆண்டுக்கு 5,000 பிராங்க் வரைதான்.

இப்போது முதலில் சொன்ன நல்ல வழி. அடையாளமிட்ட ஸ்னோ ஷூ பாதைகள் இதற்கெல்லாம் விலக்கு. குளிர்காலப் பாதைகளின் பலகை சுவிஸில் இளஞ்சிவப்பு நிறம். கோடை நடைக்கு மஞ்சள், குளிர்காலத்துக்கு இளஞ்சிவப்பு. அதில் ஸ்னோ ஷூ படம் போட்ட பாதை திறந்திருக்கிறது என்று அறிவித்திருந்தால், பனிச்சரிவு பற்றி உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கே மூன்றாம் நிலையிலும் கருவி இல்லாமல் குடும்பத்தோடு நடக்கலாம். ஆனால் இந்த விலக்கை அரைகுறையாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பலகை இருந்தால் மட்டும் போதாது, அன்றைக்கு "திறந்திருக்கிறது" என்று இருக்க வேண்டும். நேற்று திறந்திருந்தது இன்றைக்குச் செல்லாது, காலையில் மறுபடி பார்க்க வேண்டும். வழியில் "கெஷ்பெர்ட்" (மூடப்பட்டுள்ளது) என்ற பலகையோ குறுக்கே கயிறோ இருந்தால், அதற்கு அப்பால் பத்துப் பேர் நடந்த தடம் இருந்தாலும் திரும்ப வேண்டும். ஒரு கம்பத்தில் இருந்து அடுத்த இளஞ்சிவப்புக் கம்பம் தெரியாவிட்டால், தெரிந்த கம்பத்துக்குப் போய்த் தேட வேண்டும். குறுக்கு வழி, படம் எடுக்க ஒதுங்குவது, மகன் சறுக்கிப் பார்க்கச் சின்னச் சரிவு, இதற்கெல்லாம் விலக்கு கிடையாது. பாதையை விட்டு இறங்கிய முதல் அடியிலேயே நீங்கள் விலக்குக்கு வெளியே. வனவிலங்கு அமைதி வலயமாக இருந்தால் அபராதமும் விழும். பனிக்குள் பதுங்கிக் கிடக்கும் கருங்கோழி என்ற காட்டுப் பறவை பயந்து பறந்தால், அது குளிர்காலம் தாங்கச் சேர்த்து வைத்த சக்தி வீணாகிறது. அபராதத்தைவிட அதுதான் எனக்கு வருத்தம்.

ஸ்பீட்ஸ் வழியாக ரயிலில் எய்-டீம்டிகன் நிலையத்தில் இறங்கினால், கிரிம்மியால்ப் வரை தபால் பஸ் இருக்கிறது. சனி மாலை 5 மணி அறிக்கையைப் பாருங்கள், பிறகு பள்ளத்தாக்கின் இயற்கைப் பூங்கா அலுவலகப் பக்கத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பாருங்கள். பாதைத் தரம் டபிள்யூ.டி. 1 என்று இருப்பதை மட்டும் எடுங்கள். இரண்டு என்று இருந்தால் பக்கத்தில் செங்குத்துச் சரிவு இருக்கிறது, பனிச்சரிவு அறிவு வேண்டும். உங்களுக்கு இது முதல் நாள். ஸ்னோ ஷூவை பேர்னிலேயே வாடகைக்கு எடுத்து, பிள்ளைகள் வீட்டிலேயே ஒருமுறை கட்டிப் பார்க்கட்டும். இரண்டு மணிநேர நடை போதும். மகனுக்குக் கையுறை இரண்டு சோடி வையுங்கள், முதல் சோடி அரை மணிநேரத்தில் நனைந்துவிடும். ஃபிளாஸ்க்கில் தேநீர், கையில் எடுத்துத் தின்ன ரொட்டி. கிளம்புவதற்கு முன்பே கிரிம்மியால்ப்பில் இருந்து திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பார்த்து, அதற்கு முந்தைய பஸ்ஸில் வருவதாகத் திட்டம் போடுங்கள்.