கண்ணாடியை மாற்றினால் சத்தம் அடங்குமா?

கேள்வி: பேருந்து ஓடும் சாலையோர வீடு. ஸ்லைடிங் ஜன்னலின் 5 மி.மீ. கண்ணாடியை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடலாமா?

பதில்: அதை மட்டும் மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். காற்று நுழையும் இடுக்கில் சத்தமும் நுழையும். ஸ்லைடிங்கில் உள்ள பிரஷ் பட்டை அதைத் தடுக்காது. கைப்பிடியைத் திருப்பினால் ரப்பர் கேஸ்கெட்டில் இறுகி மூடும் யுபிவிசி (கடின பிளாஸ்டிக்) ஜன்னலே சரி. இரு கண்ணாடியும் ஒரே தடிமனில் வேண்டாம். இரண்டும் ஒரே அலைவரிசையில் அதிர்ந்து சத்தத்தைக் கடத்திவிடும். வெளியே 6 மி.மீ., உள்ளே 4+4 லேமினேட்டட் (இரு 4 மி.மீ. கண்ணாடிகளைப் பிளாஸ்டிக் படலத்தால் ஒட்டியது), இரண்டுக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி கேளுங்கள்.

ஹார்ன் குறையும், பேருந்து இன்ஜினின் உறுமல் அவ்வளவாகக் குறையாது. அதற்கு இடைவெளி பெரிதாக வேண்டும். பழைய ஜன்னலை அப்படியே விட்டு, 100 மி.மீ. உள்ளே தள்ளி இன்னொன்று பொருத்துவது நல்ல வழி.

சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே நுரை மட்டும் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். இருபுறமும் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) அவசியம்.