டிரம்மர் மாறினால் பாட்டு மாறுமா? – கேள்வி பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ராக் குழுக்களில் வாசிப்பவர்களும் கேட்டு ரசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரு ராக் குழுவின் ஒலியில் டிரம்மரின் திறமைக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் எல்லோரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். வலங்கைமானுக்கு அருகே தவில் வாசிக்கும் வீட்டில் பிறந்தவன் நான். 22 ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கிறேன், சொல்லியும் கொடுக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு கிட்டார் கலைஞர்: அண்ணா, எங்கள் பாட்டுகள் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். பதிவு செய்து கேட்டால் மட்டும் உயிரே இல்லை. டிரம்ஸ்தான் காரணம் என்கிறார் ஒலிப்பதிவாளர். எங்கள் டிரம்மரோ ஓர் இடத்தில்கூடத் தவறு செய்யவில்லை. அப்புறம் எப்படி?

தவறில்லாமல் வாசிப்பது வேறு, பாட்டைத் தூக்கி நிறுத்துவது வேறு தம்பி. மூன்று விஷயங்களைக் கேட்டுப்பாருங்கள்.

முதலில் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம் மாறாமல் இருப்பது. எங்கள் குழு முதன்முதலில் பதிவு செய்த பாட்டை நிமிடத்துக்கு 92 தாள அடி என்ற வேகத்தில் தொடங்கினோம், முடிக்கும்போது 101. வாசித்த எங்களுக்கு அது தெரியவே இல்லை, உற்சாகம் கூடியதாகத்தான் நினைத்தோம். கேட்டவர்களுக்கு மூச்சுமுட்டியது. பல்லவி வரும்போதெல்லாம் ஓடுகிற டிரம்மர், பாடுகிறவர் சொல்லை முழுதாகச் சொல்லக்கூட இடம் தருவதில்லை.

இரண்டாவதுதான் பெரும்பாலும் கோளாறு இருக்கும் இடம். நான்கு கைகால்களுக்குள் சமநிலை. நம் பிள்ளைகள் சிம்பல் என்ற உலோகத் தட்டை ஓங்கி அடிக்கிறார்கள், காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மை மெல்ல மிதிக்கிறார்கள். கிட்டாரின் ஒலியும் குரலின் கூர்மையும் இருக்கும் சுருதி உயரத்தில்தான் சிம்பலும் வந்து உட்காருகிறது. விளைவு, உங்கள் கிட்டார் சிம்பலின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும், அடியில் தாங்க வேண்டிய பேஸ் டிரம் காணாமல் போய்விடும். பிறகு ஒலிப்பதிவாளர் எந்தக் குமிழைத் திருகியும் பயனில்லை. ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலை மெல்ல, நடுவில் இருக்கும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மைத் திடமாக, பேஸ் டிரம்மை அதைவிடத் திடமாக வாசிக்கச் சொல்லி ஒரு மைக்கில் மட்டும் பதிவு செய்து பாருங்கள். அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, பேஸ் கிட்டாரும் பேஸ் டிரம்மும் ஒரே சொல்லாக விழுகின்றனவா என்பது. அவற்றை வாசிக்கும் இருவரையும் மட்டும் ஒரு வாரம் தனியாக உட்கார வையுங்கள். நீங்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் சாதாரண டிரம்மர் என்று பலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் டிரம்மர் முக்கியமில்லை என்றுதானே பொருள்?

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மனம் பொறுக்காது அம்மா. நீங்களே ஒரு சோதனை செய்யலாம். 'லவ் மீ டூ' பாட்டுக்கு 1962 செப்டம்பரில் செய்த இரண்டு பதிவுகள் உண்டு. 4 ஆம் தேதி ரிங்கோ வாசித்தது ஒன்று. அதில் நிறைவில்லாமல் தயாரிப்புத் தரப்பு 11 ஆம் தேதி ஆண்டி ஒயிட் என்ற அனுபவமிக்க ஸ்டுடியோ டிரம்மரை வாசிக்க வைத்தது இன்னொன்று. அன்று ரிங்கோவின் கையில் தம்பூரின் என்ற சலங்கை வளையத்தைக் கொடுத்தார்கள். ஆகவே தம்பூரின் சத்தம் கேட்டால் அது ஒயிட்டின் பதிவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே ஆட்கள், ஒரே பாட்டு, டிரம்மர் மட்டும் வேறு. நடையே வேறாக இருக்கும்.

ரிங்கோ இடக்கைப் பழக்கமுள்ளவர், ஆனால் வலக்கைக்காரருக்கு அமைத்த டிரம்ஸில் வாசித்தார். டாம் என்ற டிரம்களில் வரிசையாக உருட்டிக்கொண்டு இறங்கும்போது மற்றவர்கள் வலக்கையில் தொடங்குவார்கள், அவர் இடக்கையில் தொடங்குவார். அதனால் கைகள் குறுக்கிட்டு, நடுவில் சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் அவருடைய முத்திரை. எத்தனையோ பேர் அதை அப்படியே வாசிக்க முயன்று தடுமாறியிருக்கிறார்கள்.

பட்டுக்கோட்டை: இரட்டைப் பெடலில் நிமிடத்துக்கு எத்தனை அடி அடித்தால் நல்ல டிரம்மர்?

இரட்டைப் பெடல் என்றால் இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை அடிப்பது. ஒரு தாள அடிக்கு 4 தட்டாக 200 அடி வேகத்தில் வாசித்தால் நிமிடத்துக்கு 800 தட்டு. மெட்டல் குழுக்களில் அதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு, கடும் உழைப்பு அது. ஆனால் 60 அடி வேகத்தில் ஐந்து நிமிடம் தளராமல் சர்வலகு, அதாவது அலங்காரமில்லாத நேர் நடை, வாசிக்கச் சொல்லுங்கள். அதில் தெரிந்துவிடும்.

திருவையாறு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, ஆராதனை நாட்களில் மிருதங்கம் கேட்டே வளர்ந்த காது என்னுடையது. ராக் டிரம்மர் பாட்டு முழுக்க ஒரே அடியைத்தானே திருப்பித் திருப்பி அடிக்கிறார்? அதில் என்ன வித்தை?

வணக்கம் ஐயா. நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் விழும், அதுதான் ராக்கின் முதுகெலும்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அடிதான். உள்ளே போனால் அந்த அடி எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணிக்கைக்கு மயிரிழை பின்னால் விழுந்தால் பாட்டு சாய்ந்து உட்காரும், மயிரிழை முன்னால் விழுந்தால் உந்திக்கொண்டு போகும்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் 1963 முதல் 2021 இல் மறையும்வரை வாசித்த சார்லி வாட்ஸின் கையை ஒரு முறை உற்றுப் பாருங்கள். ஸ்நேரை அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹை-ஹாட்டிலிருந்து வலக்கையை எடுத்துவிடுவார். ஸ்நேர் தனியாக, சுத்தமாக ஒலிக்கும். ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது. வாசிக்காமல் விடுவதும் வாசிப்புதான் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்துக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசித்ததைக் கேட்டவர் என் தாத்தா. கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தவர்கள் ராகத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குத் தவிலைப் பற்றியும் பேசினார்கள் என்பார். பக்கவாத்தியம் என்று பெயர்தான் ஐயா. நம் பெரிய மேளத்தில் தவில் பக்கத்தில் நிற்பதில்லை, நடுவில் நிற்கிறது. நல்ல ராக் குழுவிலும் அப்படித்தான். லெட் செப்ளின் குழுவின் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்தபோது, வேறொருவரை வைத்துக்கொண்டு தொடர்வதற்கு மற்ற மூவருக்கும் மனம் வரவில்லை. அந்த டிசம்பரிலேயே குழுவை முடித்துக்கொண்டார்கள்.

மயிலாடுதுறை: அந்த பான்ஹமின் 'வென் த லெவி பிரேக்ஸ்' டிரம்ஸ் ஒலி எப்படி வந்தது? விலை உயர்ந்த டிரம்ஸா?

டிரம்ஸ் நல்ல டிரம்ஸ்தான், ஆனால் ஒலியைக் கொடுத்தது கட்டடம். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு. மாடிப்படி தொடங்கும் உயரமான கூடத்தில் டிரம்ஸை வைத்து, படிக்கட்டின் மேல் தளத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். 1971 இல் வெளிவந்தது. கோயில் கல் மண்டபத்தில் தவில் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. அடி முடிந்த பிறகும் கல் பேசிக்கொண்டிருக்கும் அல்லவா, அதேதான்.

ஆனால் இரண்டே மைக் என்பதைக் கவனியுங்கள். கைகால்களின் சமநிலையைப் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை. பான்ஹம் வாசித்த அளவில்தான் எல்லாம் விழுந்திருக்கிறது. அதே கூடத்தில் என்னை உட்கார வைத்தால் எதிரொலி வரும், அந்தப் பாட்டு வராது.

அந்தப் பாட்டின் மூலம் 1929 இல் மெம்பிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்த ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் வகை. 1927 இல் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்து ஊர்கள் மூழ்கியதைப் பாடுவது. கொள்ளிடக் கரையில் மணல்மூட்டை அடுக்கிவிட்டு விடிய விடியக் காவல் இருந்தவர்களுக்கு, அந்த டிரம்ஸ் எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டாம். நீர் வந்துகொண்டே இருக்கிறது. வேகம் கூடவில்லை, குறையவுமில்லை.

தஞ்சாவூர்: ஆள் கிடைக்கவில்லை. டிரம் மெஷின் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. டிரம்ஸ் ஒலியைத் தானே வாசிக்கும் இயந்திரம் அது. இங்கிலாந்தின் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்ற ராக் குழு அதை வைத்தே தனக்கென ஓர் ஒலியை உண்டாக்கியது. மனிதர் வாசிப்பதுபோல் காட்ட முயலாதீர்கள், இயந்திரம் இயந்திரமாகவே ஒலிக்கட்டும்.

பாபநாசம், ஒரு தாய்: மகனுக்கு 11 வயது. டிரம்ஸ் வேண்டும் என்கிறான். தெருவில் எல்லோரும் ஒட்டி ஒட்டிய வீடுகள். என்ன செய்வது?

இப்போது டிரம்ஸ் வாங்காதீர்கள் அக்கா. ஒரு ஜோடி குச்சி, ரப்பர் பதித்த பயிற்சிப் பலகை, கைப்பேசியில் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம். முதல் ஆறு மாதத்துக்கு இது போதும். தாத்தா எனக்குக் கொடுத்தது ஒரு பூவரசங்கட்டை மட்டுமே, தவிலைத் தொட இரண்டு வருடம் ஆனது. பையன் வலி வலி என்றால் உடனே பாருங்கள். மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறான் என்று பொருள்.

நாகப்பட்டினம்: படகில் வின்ச் கயிறு சுற்றி வலக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. அதற்குமுன் மாதாகோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். இனி முடியுமா அண்ணா?

முடியும். டெஃப் லெப்பர்டு குழுவின் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடக்கையையே இழந்தார். இடக்கை வேலையைக் காலால் மிதிக்கும் பெடல்களுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 1987 இல் வந்த 'ஹிஸ்டீரியா' அவர் வாசித்ததுதான். குழுவும் வேறு ஆளைத் தேடாமல் காத்திருந்தது.

உங்கள் நிலைமையைச் சொல்கிறேன். குச்சியைத் தாங்குவது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும், அவை இருக்கின்றன. போன இரண்டும் குச்சி எகிறும்போது திருப்பிப் பிடிக்க உதவுபவை. எனவே வேகமான ஹை-ஹாட் வேலைதான் வலக்கைக்குச் சிரமமாகும். அதை இடக்கைக்குக் கொடுத்துவிடுங்கள், வலக்கை ஸ்நேரைப் பார்த்துக்கொள்ளட்டும். கைகள் குறுக்காகப் போகாத அந்த அமைப்பில் இயல்பாகவே வாசிக்கும் டிரம்மர்கள் இருக்கிறார்கள். சற்றுத் தடித்த குச்சி வாங்கி, பிடியில் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றுங்கள். முதல் மாதம் 50 அடி வேகத்துக்கு மேல் போகவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூர் வர முடிந்தால் என் டிரம்ஸை இடக்கைக்கு ஏற்ப மாற்றி வைக்கிறேன், உட்கார்ந்து பார்க்கலாம்.